கையில் சாவி கொடுத்தால் வலிப்பு நிற்குமா?

பேருந்து நிலையத்தில் ஒருவர் வலிப்பு வந்து விழுகிறார். கூட்டம் சேர்கிறது. "சாவி இருக்கா, யார்கிட்டயாவது சாவி இருக்கா?" என்று குரல் எழுகிறது. யாரோ சாவிக்கொத்தை எடுத்து, விழுந்தவரின் இறுகிய கைக்குள் திணிக்கிறார். சற்று நேரத்தில் துடிப்பு அடங்குகிறது. "பாத்தீங்களா, இரும்பு பட்டதும் நின்னுருச்சு" என்றபடி கூட்டம் கலைகிறது.

நின்றது உண்மை, ஆனால் இரும்பால் நிற்கவில்லை. கை கால் வெட்டி இழுக்கும் வலிப்பு பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நிமிடத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். சாவியைத் தேடி எடுத்துக் கொடுக்கவே ஒரு நிமிடம் ஆகிவிடும். வெங்காயத்தை முகரவைத்திருந்தாலும், செருப்பை மூக்கருகே பிடித்திருந்தாலும், எதுவுமே செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் அது நின்றிருக்கும்.

இந்த நோய் பற்றிய தவறான எண்ணங்களில் பாதி இங்கேதான் முளைக்கின்றன. தானாக நிற்பதை நாம்தான் நிறுத்தினோம் என்று எண்ணிக்கொள்கிறோம். மறுபாதி இதன் தலைகீழ். மாத்திரை சத்தமில்லாமல் வலிப்பைத் தடுத்துக்கொண்டிருக்கும்போது, "இப்பத்தான் ஒன்னும் வரலையே" என்று அதை நிறுத்திவிடுகிறோம். வலிப்புக்குள் நடப்பது என்னவென்று தெரிந்துவிட்டால் இரண்டு குழப்பமும் தீரும்.

ஒருமுறை வந்தால் அது நோயா?

இரண்டு சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம். வலிப்பு என்பது ஒரு நிகழ்வு: மூளையில் திடீரென ஏற்பட்டு அடங்கும் மின் கொந்தளிப்பும், அதனால் உடம்பிலும் நினைவிலும் ஏற்படும் மாற்றமும். வலிப்பு நோய் என்பது அந்த நிகழ்வு மீண்டும் மீண்டும் வரக்கூடிய தன்மை. ஒருநாள் மூச்சிரைத்தவரெல்லாம் ஆஸ்துமாக்காரர் இல்லை. இதுவும் அப்படித்தான்.

நீரிழிவுக்கு ஊசி போடுபவருக்குச் சர்க்கரை மிகவும் இறங்கினால் வலிப்பு வரலாம். பல வருடக் குடியைச் சட்டென்று நிறுத்தியவருக்கு இரண்டு நாளுக்குள் வரலாம். ரத்தத்தில் சோடியம் குறைந்த முதியவருக்கும் வரலாம். காரணத்தைச் சரிசெய்தால் அதோடு முடிந்துவிடும். இவர்களுக்கு வலிப்பு நோய் என்று முத்திரை குத்தக் கூடாது.

இப்படிப்பட்ட உடனடித் தூண்டுதல் எதுவும் இல்லாமல், 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் இரண்டு முறை வலிப்பு வந்தால் அது வலிப்பு நோய். ஒருமுறைதான் வந்திருக்கிறது, ஆனால் ஸ்கேனில் பழைய தழும்பு தெரிகிறது என்றாலோ, அடுத்த பத்தாண்டில் மறுபடி வர 60 சதவீதமாவது வாய்ப்புண்டு என்று டாக்டர் கணித்தாலோ, இரண்டாவதுக்குக் காத்திருக்காமல் நோய் என்றே கொள்வார்கள்.

குழந்தைகளுக்கு வரும் காய்ச்சல் வலிப்பு தனி வகை. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை, காய்ச்சல் ஏறும்போது வரும். பெற்றோருக்கு உயிரே போய்விடும்போல் இருக்கும். ஆனால் இந்தக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்குப் பின்னாளில் வலிப்பு நோய் வருவதில்லை. வருடக்கணக்கில் மாத்திரையும் தேவைப்படாது.

மூளைக்குள் நடப்பது

கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு பேர் இருக்கிறார்கள். சமையல்கட்டில் ஒரு பேச்சு, மணமேடையில் ஒரு பேச்சு, வாசலில் ஒரு பேச்சு. கேட்க இரைச்சலாக இருந்தாலும் வேலை நடக்கிறது. அவரவர் பேச்சு அவரவருக்குக் கேட்கிறது. கெட்டிமேளம் கொட்டும்போது என்ன ஆகிறது? எல்லா ஒலியும் ஒன்றாகிவிடுகிறது. பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது.

மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. சாதாரண நேரத்தில் அவை வெவ்வேறு வேளைகளில், வெவ்வேறு வேலைக்காக மின்குறிப்பு அனுப்பிக்கொள்கின்றன. வலிப்பின்போது ஒரு பெரும் கூட்டம் ஒரே தாளத்தில், ஒரே நேரத்தில் சேர்ந்து வெடிக்கிறது. யாரும் சைகை காட்டாமலே கெட்டிமேளம் தொடங்கிவிடுகிறது. அந்தக் கூட்டம் கையை இயக்கும் பகுதியில் இருந்தால் கை வெட்டும். வாசனையை உணரும் பகுதியில் இருந்தால் இல்லாத நாற்றம் அடிக்கும். மூளை முழுவதும் பரவினால் நினைவு போய் ஆள் விழுவார்.

மின்குறிப்பு உண்டாவது எப்படி? நரம்பணுவின் சுவரில் மிக நுண்ணிய மதகுகள் உள்ளன. சோடியம் மதகு திறந்தால் வெளியிலுள்ள சோடியம் உள்ளே பாயும். அந்தப் பாய்ச்சலே குறிப்பாக அடுத்த முனைக்கு ஓடுகிறது. அங்கே இரண்டு விதமான தூதுப் பொருட்கள் வேலை செய்கின்றன. "நீயும் சுடு" என்று அடுத்த அணுவைத் தூண்டுவது குளூட்டமேட். "சும்மா இரு" என்று அடக்குவது காபா. தூண்டல் கூடினாலோ அடக்கல் குறைந்தாலோ, மதகுகள் பழுதானாலோ கொந்தளிப்பு எளிதில் தொடங்கும்.

வயலுக்கு வரப்பு இருப்பதுபோல ஒவ்வொருவர் மூளைக்கும் ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால்தான் வலிப்பு. சிலருக்குப் பிறவியிலேயே வரப்பு தாழ்வு. சிலருக்கு அடிபட்ட இடத்தில் மட்டும் உடைப்பு. தூக்கமின்மை, காய்ச்சல், குடி ஆகியவை வரப்பைத் தற்காலிகமாகக் கரைக்கும். மாத்திரை அதை உயர்த்தும்.

அடங்குவது ஏன் என்ற கேள்விக்கும் இங்கேதான் பதில். கொந்தளிப்பு நடக்கும்போதே அடினோசின் போன்ற அடக்கும் பொருட்கள் சுரந்து குவிகின்றன. தன் நெருப்பைத் தானே அணைக்கும் ஏற்பாடு மூளைக்குள்ளேயே இருக்கிறது. சாவிக்கொத்து பெயர் வாங்கிக்கொள்வது இந்த வேலைக்குத்தான். இந்த ஏற்பாடு தோற்றுப்போகும் நிலைக்குத் தொடர் வலிப்பு என்று பெயர். ஐந்து நிமிடத்தைத் தாண்டிய துடிப்பு தானாக நிற்கும் வாய்ப்பு குறைவு. அரை மணி நேரம் நீடித்தால் மூளைக்கு நிலையான சேதம் ஏற்படலாம்.

இதுவரை சொன்னதன் சாரம்: வலிப்பு என்பது நரம்பணுக் கூட்டம் ஒரே தாளத்தில் வெடிப்பது. எந்த இடத்தில் வெடிக்கிறதோ அதற்கேற்ற அறிகுறி. பெரும்பாலும் தானாக அடங்கும். ஐந்து நிமிடம் தாண்டினால் அவசரம்.

விழுந்து துடிப்பது மட்டுமா வலிப்பு?

இல்லை. தவறவிடப்படுபவை பெரும்பாலும் விழுந்து துடிக்காத வகைகள்தான்.

வகுப்பில் ஒரு சிறுமி, எழுதிக்கொண்டே இருக்கும்போது பேனா நின்றுவிடுகிறது. பார்வை வெறிக்கிறது, இமை லேசாகப் படபடக்கிறது. பத்து நொடியில் விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்குகிறாள். ஒரு நாளில் இது பல தடவை நடக்கலாம். ஆசிரியர் கண்ணில் அது பகல்கனவு. வீட்டில் "கவனமே இல்லை" என்று திட்டு. இது வெறித்த வலிப்பு. சரியான மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்படும்.

கல்லூரி வயதுப் பையன் காலையில் எழுந்து பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து தெறிக்கிறது. காபி டம்ளர் பறக்கிறது. "அலட்சியம்" என்கிறார்கள். தேர்வுக்காக இரவெல்லாம் விழித்த மறுநாள் காலை முழு வலிப்பு வந்து விழுந்த பிறகுதான், அந்த டம்ளர் பறந்ததே சின்ன வலிப்பு என்று தெரிகிறது. பதின்வயதில் தொடங்கும் இந்த வகை தூக்கக் குறைவைத் தாங்கவே தாங்காது.

பெரியவர்களிடம் அதிகம் காணப்படுவது மூளையின் ஒரு பக்கத்தில் மட்டும் தொடங்கும் வகை. அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுவதுபோல் இருக்கும். "இதெல்லாம் முன்பே நடந்திருக்கிறதே" என்று தோன்றும். பிறகு ஒன்றிரண்டு நிமிடம் வாயைச் சப்புவார், சட்டை நுனியைத் திருகுவார், கூப்பிட்டால் பதில் வராது. தெளிந்த பின் நினைவிருக்காது. பார்ப்பவர்களுக்கு இது வலிப்பாகவே தோன்றாது. பேய், காற்று, கருப்பு என்று கோயில் கோயிலாக அழைத்துச் செல்லப்படுபவர்களில் இவர்களும் இருக்கிறார்கள்.

தெய்வத்தோடு இந்த நோயைச் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் மிகப் பழையது. நடராசரின் காலடியில் கிடக்கும் குள்ள உருவத்தின் பெயர் முயலகன்; வடமொழியில் அபஸ்மாரம். இரண்டும் இந்த நோய்க்கும் பெயர்கள். திருச்சிக்கு அருகே திருவாசியில், கொல்லிமழவன் என்ற சிற்றரசனின் மகளைப் பிடித்திருந்த முயலகனைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்தார் என்பது சைவ மரபு. வேண்டுதல் மனசுக்குப் பலம் தரும். அதை வைத்துக்கொள்ளுங்கள், மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

ஏன் வருகிறது?

உலகம் முழுக்க ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. அவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் தெரிவதில்லை. தெரியும் காரணங்கள்: பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தது, தலையில் அடி, மூளைக்காய்ச்சல், பக்கவாதம், கட்டி, மரபணு மாற்றம், கருவிலேயே மூளையின் ஒரு பகுதி சரியாக அமையாதது. இது தொற்றாது. எச்சில் பட்டாலும் நுரை பட்டாலும் ஒன்றும் ஆகாது.

நம் நாட்டில் ஒரு காரணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும்: பன்றி நாடாப்புழு. அந்தப் புழுவின் முட்டை வயிற்றுக்குள் போனால், அதிலிருந்து வரும் இளம்புழு ரத்தத்தோடு மூளைக்குப் போய் நீர்க்கட்டியாகத் தங்கும். கட்டி சாகும்போது சுற்றிலும் வீங்கி வலிப்பு வரும். "நாங்கள் சைவம், எங்களுக்கு எப்படி?" என்று கேட்பவர்கள் உண்டு. பன்றிக் கறியைச் சரியாக வேகவைக்காமல் தின்றவரின் குடலில் புழு வளர்கிறது. அவர் மலத்தில் முட்டை வெளிவருகிறது. அந்த மலம் கலந்த மண்ணும் நீரும் பட்ட கீரையையும் கொத்தமல்லியையும் கழுவாமல் தின்றால் யாருக்கும் வரும். கழிப்பறையும், கை கழுவுவதும், பச்சைக் காய்களை ஓடும் நீரில் அலசுவதும் வலிப்பைத் தடுக்கும் மருத்துவம்தான்.

இன்னொன்று தென்னிந்தியாவுக்கே நெருக்கமானது. மைசூரு வட்டாரத்தில் அதிகமாகவும் பிற இடங்களில் அங்கங்கேயும், தலையில் சுடுநீரைச் செம்பு செம்பாக ஊற்றிக் குளிக்கும்போது மட்டும் சிலருக்கு வலிப்பு வரும். வெதுவெதுப்பான நீருக்கு மாறினாலே பலருக்கு நின்றுவிடுகிறது.

அந்த ஐந்து நிமிடம்

யாராவது விழுந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பதற்றத்தில் அரை நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும், அதனால் தொடங்கிய நேரம் முக்கியம். அருகிலிருக்கும் கல், அடுப்பு, கண்ணாடி, சூடான பாத்திரம் ஆகியவற்றை நகர்த்துங்கள். தலைக்குக் கீழே துண்டோ பையோ வையுங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்தி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றுங்கள். துடிப்பு அடங்கியதும் ஆளை ஒரு பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். எச்சிலும் நுரையும் வெளியே வழியட்டும். கூட்டத்தை விலக்குங்கள்.

வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள். "நாக்கைக் கடித்துக்கொள்வாரே" என்று கரண்டியைத் திணிப்பதால் பல் உடைகிறது. உடைந்த பல் மூச்சுக்குழாய்க்குள் போகிறது. திணித்தவர் விரலும் கடிபடுகிறது. நாக்கு கடிபட்டாலும் சில நாளில் ஆறிவிடும். நாக்கை விழுங்க முடியாது. துடிக்கும் கையையும் காலையும் அமுக்கிப் பிடிப்பதால் துடிப்பு நிற்காது, தோள்பட்டைதான் விலகும். முகத்தில் தண்ணீர் தெளிப்பதும் வாயில் ஊற்றுவதும் நீரை நுரையீரலுக்குள் அனுப்பும் வேலை. உதடு சற்று நீலம் பூத்தால் பயப்பட வேண்டாம். துடிப்பு நின்றதும் மூச்சு சீராகும்.

நின்ற பிறகு ஆள் குழம்பிப்போய் இருப்பார், தூங்கவும் செய்வார். பெயர், இடம் சரியாகச் சொல்லும்வரை காபியோ தண்ணீரோ கொடுக்க வேண்டாம். வேட்டியோ புடவையோ நனைந்திருந்தால் சத்தமில்லாமல் ஒரு துணி போர்த்துங்கள். அவருக்கு விழிப்பு வரும்போது முதலில் வருவது வெட்கம்.

ஐந்து நிமிடம் தாண்டினால், நினைவு திரும்பாமல் அடுத்தது தொடங்கினால், தண்ணீருக்குள் இருக்கும்போது வந்திருந்தால், தலையில் அடிபட்டிருந்தால், கர்ப்பிணியாகவோ நீரிழிவுக்காரராகவோ இருந்தால், முதல் முறை வருவதாக இருந்தால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 108; இலங்கையில் 1990. அடிக்கடி நீண்ட வலிப்பு வருபவரின் வீட்டில் மிடாசோலம் மூக்குத் தெளிப்பான் வைத்திருக்க டாக்டர்கள் எழுதித் தருகிறார்கள். உடல் எடைக்கு எத்தனை தெளிப்பு என்பதைச் சீட்டில் எழுதி வாங்கி, பாட்டிலிலேயே ஒட்டிவையுங்கள். அந்த நேரத்தில் சீட்டைத் தேட முடியாது.

டாக்டர் என்ன பார்க்கிறார்?

நோயைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் பேச்சால்தான். அதுவும் நோயாளியின் பேச்சைவிட, பக்கத்தில் இருந்து பார்த்தவரின் பேச்சால். எந்தக் கை முதலில் இழுத்தது? கண் எந்தப் பக்கம் திரும்பியது? எவ்வளவு நேரம்? தெளிய எவ்வளவு ஆனது? ஒருவர் முதலுதவி செய்யும்போது இன்னொருவர் கைபேசியில் ஒரு நிமிடம் படம் எடுத்தால், பல சமயம் அது விலையுயர்ந்த ஸ்கேனைவிட அதிகம் சொல்லும். வெறும் மயக்கமா, மன அழுத்தத்தால் வரும் வலிப்புபோன்ற நிலையா, உண்மையான வலிப்பா என்பது அதில் தெரிந்துவிடும். இந்த மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு.

இ.இ.ஜி. என்பது தலையில் சின்னச் சின்ன மின்முனைகளை ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பதிவது. ஷாக் எதுவும் கொடுப்பதில்லை. முதல்நாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் போக வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கில் முனைகள் ஒட்டாது. பதிவு நடப்பது அரை மணி நேரம்போல. வலிப்பு எப்போதோ ஒருமுறை வருவது. அந்த அரை மணியில் தடயம் கிடைக்காமல் போகலாம். நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் இ.இ.ஜி. இயல்பாகவே வரும். "இ.இ.ஜி. நார்மல், எனவே நோய் இல்லை" என்று முடிவுகட்டி மாத்திரையை நிறுத்துவது அடிக்கடி நடக்கும் தவறு. குறைவாகத் தூங்கிவிட்டு வரச்சொல்லி மறுபடி எடுத்தால் தடயம் கிடைக்கும் வாய்ப்பு கூடும்.

எம்.ஆர்.ஐ. வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது. தழும்பு, கட்டி, புழுக்கட்டி, பிறவிக் கோளாறு ஏதாவது இருக்கிறதா என்று காட்டும்.

மாத்திரை செய்வதும் செய்யாததும்

வலிப்பு மாத்திரை நோயின் வேரை அறுப்பதில்லை. வரப்பை உயர்த்திப் பிடிக்கிறது, அவ்வளவுதான். பெனிட்டாய்ன், கார்பமசெபைன், லாமோட்ரிஜின் மூன்றும் சோடியம் மதகு மறுபடி மறுபடி திறப்பதைத் தாமதப்படுத்துகின்றன. குளோபாசமும் ஃபீனோபார்பிடோனும் காபாவின் "சும்மா இரு" என்ற குரலுக்கு வலுச்சேர்க்கின்றன. லெவெட்டிராசிட்டம் தூதுப் பொருள் வெளியேறும் இடத்தில் வேலை செய்கிறது. சோடியம் வால்ப்ரோயேட் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில்.

எந்த மாத்திரை என்பதை வலிப்பின் வகை முடிவுசெய்யும். ஒரு பக்கத்தில் தொடங்கும் வகைக்குக் கார்பமசெபைன் நல்ல மருந்து. அதையே காலையில் டம்ளர் பறக்கும் பையனுக்கோ வெறித்துப் பார்க்கும் சிறுமிக்கோ கொடுத்தால் நோய் கூடிவிடலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரையை வாங்கிச் சாப்பிடக் கூடாது என்பது இதனால்தான்.

முதல் மாத்திரையிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்கு வலிப்பு நின்றுவிடும். இரண்டாவதில் இன்னும் சிலருக்கு. முறையாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் பத்தில் ஏழு பேர்வரை வலிப்பே இல்லாமல் வாழமுடியும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

வேளை தவறக் கூடாது என்று ஏன் அவ்வளவு வற்புறுத்துகிறார்கள்? அடியில் ஓட்டையுள்ள தண்ணீர்த் தொட்டியை நினையுங்கள். உடம்பு மருந்தை ஓயாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. காலையும் இரவும் ஊற்றினால்தான் மட்டம் நிற்கும். மட்டம் பாதியாக இறங்க ஆகும் நேரத்துக்கு அரைவாழ்வு என்று பெயர். லெவெட்டிராசிட்டத்துக்கு அது பெரியவர்களில் 6 முதல் 8 மணி நேரம். நேற்று இரவு எட்டு மணிக்குப் போட்டுவிட்டு இன்று காலை மறந்தால், இன்றிரவு எட்டு மணிக்கு மட்டம் எட்டில் ஒரு பங்குக்கும் கீழே போகலாம். அந்த வேளையில்தான் வலிப்பு வருகிறது. "மாத்திரை சாப்பிட்டும் வந்துவிட்டதே" என்று மருந்தைக் குறை சொல்கிறார்கள்.

மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அந்த வேளையோடு தொடருங்கள். டாக்டர் சொல்லாமல் இரண்டையும் சேர்த்துப் போட வேண்டாம். ஊருக்குப் போகும்போது மாத்திரை கைப்பையில் இருக்கட்டும், பேருந்தின் மேலே போகும் பெட்டியில் அல்ல. வாரம் முழுவதற்கும் கட்டம் கட்டமாக உள்ள மாத்திரை டப்பா சில பத்து ரூபாய்தான். போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தை அது தீர்த்துவிடும்.

டோஸை நீங்களே கூட்டவும் கூடாது. பெனிட்டாய்னில் இது ஆபத்து. ஓரளவுவரை கல்லீரல் அதை வெளியேற்றிக்கொண்டே வரும். அந்த எல்லை வந்ததும் திணறிவிடும். அதன்பின் கொஞ்சம் கூட்டினாலும் ரத்தத்தில் மட்டம் தாவி ஏறும். நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும், பேச்சு குழறும். குடித்திருக்கிறார் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள்.

பக்கவிளைவுகளை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பெனிட்டாயினால் ஈறு வீங்கும். பல்லைச் சுத்தமாக வைத்தால் குறையும். வால்ப்ரோயேட்டால் எடை கூடும், முடி கொட்டும், கை நடுங்கும். லெவெட்டிராசிட்டம் சிலரை எரிந்து விழவைக்கும். வீட்டில் சண்டை வலுத்தால் குணம் மாறிவிட்டது என்று ஒதுக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கார்பமசெபைன், லாமோட்ரிஜின், பெனிட்டாய்ன் தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரிதாக அது தோல் உரியும் ஆபத்தில் முடியும். லாமோட்ரிஜினை வாரக்கணக்கில் சிறிது சிறிதாக ஏற்றுவது அதைத் தவிர்க்கத்தான். "சீக்கிரம் குணமாகட்டும்" என்று வேகமாக ஏற்றக் கூடாது.

காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் பல வலிப்பு மருந்துகளின் மட்டத்தைக் குறைத்துவிடும். எரித்ரோமைசின் கார்பமசெபைனின் மட்டத்தை ஏற்றிவிடும். எந்த டாக்டரிடம் எதற்குப் போனாலும் வலிப்பு மாத்திரைச் சீட்டு கையில் இருக்கட்டும். பெயரில்லாத பொட்டலத்தில் வரும் "மூலிகை" வலிப்பு மருந்துகள் சிலவற்றைச் சோதித்தபோது உள்ளே ஃபீனோபார்பிடோன் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டதுண்டு. அளவு தெரியாது, நிறுத்தினால் வலிப்பு பாய்ந்து வரும்.

மாத்திரை பற்றிச் சொன்னதைச் சுருக்கினால்: அது தடுக்கிறது, வேரோடு நீக்குவதில்லை. மட்டம் இறங்கினால் வலிப்பு. மட்டம் ஏறினால் தள்ளாட்டம். இரண்டுக்கும் நடுவே வைத்திருப்பது நேரம் தவறாமையே.

கர்ப்பம்

வலிப்பு உள்ள பெண் தாயாகலாம். பெரும்பாலோருக்குக் குழந்தை நலமாகவே பிறக்கிறது. மருந்து எது என்பதில்தான் கவனம் வேண்டும். கர்ப்ப காலத்தில் வால்ப்ரோயேட் சாப்பிட்டால் நூறில் ஏறக்குறைய 10 குழந்தைகளுக்கு உடல் குறைபாடும், 30 முதல் 40 குழந்தைகளுக்கு வளர்ச்சி, கற்றல் சிக்கலும் வருவதாக அறியப்பட்டுள்ளது. அதனால் பருவப் பெண்களுக்கு வேறு வழி இருக்கும்வரை அதைத் தவிர்க்கிறார்கள். லாமோட்ரிஜினும் லெவெட்டிராசிட்டமும் இதைவிடப் பாதுகாப்பானவை. இந்த மாற்றத்தைக் கர்ப்பத்துக்குச் சில மாதம் முன்பே செய்ய வேண்டும். ஃபோலிக் அமிலமும் முன்பே தொடங்க வேண்டும்.

நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் பயத்தில் மாத்திரையை நிறுத்துவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. அதன்பின் வரும் பெரிய வலிப்பு தாய்க்கும் சிசுவுக்கும் சேர்ந்தே ஆபத்து. நிறுத்தாமல் டாக்டரிடம் ஓடுங்கள். பெரும்பாலான மருந்துகளோடு தாய்ப்பால் கொடுக்கலாம். கார்பமசெபைனும் பெனிட்டாய்னும் கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும் என்பதையும் பலர் சொல்வதில்லை.

மாத்திரைக்கு அடங்காதபோது

சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லை என்றால், மூன்றாவது நான்காவது மருந்தால் முழுதாக நிற்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பல வருடங்கள் மாத்திரையை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட, அறுவைச் சிகிச்சை செய்யும் மையத்துக்கு அப்போதே போவது நல்லது.

எல்லோருக்கும் இது பொருந்தாது. வலிப்பு ஒரே இடத்தில் தொடங்க வேண்டும். அந்த இடத்தை எடுத்தால் பேச்சோ கையோ நினைவோ கெடாது என்று உறுதியாக வேண்டும். காதுக்கு மேலே உள்ள பகுதியில் தழும்பு உள்ளவர்களுக்கு இது சிறப்பாகப் பலிக்கிறது. கனடாவில் 80 பேரிடம் நடந்து 2001-ல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் நினைவு தவறும் வலிப்பு இல்லாதிருந்தவர்கள் அறுவைச் சிகிச்சைக் குழுவில் 58 சதவீதம், மாத்திரை மட்டும் தொடர்ந்த குழுவில் 8 சதவீதம்.

இது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. மான்ட்ரியலில் பயின்று வந்த டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். வலிப்புக்கான அறுவைச் சிகிச்சை அடுத்த சில ஆண்டுகளிலேயே அங்கே நடந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1990-களின் நடுவிலிருந்து இதைத் தொடர்ந்து செய்துவருகிறது. இவ்வளவு அருகில் இருந்தும் இருபது வருடம் கழித்து வந்து சேர்பவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் வேதனை.

அறுவைக்கு வழியில்லாத குழந்தைகளுக்குக் கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவு உதவலாம். சோறும் இட்லியும் அனேகமாக இல்லாத, கிராம் கணக்கில் எடைபோட்டுச் சமைக்கும் உணவு அது. உணவியலாளர் மேற்பார்வை இல்லாமல் தொடங்கக் கூடாது.

வீட்டில், வேலையில்

தூக்கம் முதல் மருந்து. சிவராத்திரிக் கண்விழிப்போ இரவுப் பேருந்தோ தவிர்க்க முடியாவிட்டால் மறுநாள் பகலில் தூங்கி ஈடுகட்டுங்கள்; மாத்திரை நேரம் மாறக் கூடாது. கிணற்றிலோ ஆற்றிலோ தனியாகக் குளிக்க வேண்டாம். குளியலறையில் தாழ்ப்பாள் போடாமல், "உள்ளே ஆள் இருக்கிறது" என்று வெளியே ஒரு பலகையைத் தொங்கவிடுங்கள். தரையில் வைத்த அடுப்பு, எரியும் விறகு, கொதிக்கும் எண்ணெய் ஆகியவற்றால்தான் பெண்களுக்குப் பெருங்காயங்கள் நேர்கின்றன. பின்வரிசை அடுப்பில் சமைப்பதும் வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது சமைப்பதும் காக்கும். ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1 வலிப்பு உண்டா என்று நேரடியாகக் கேட்கிறது. மறைத்து வண்டி ஓட்டுவது எதிரே வருபவரின் உயிரோடும் விளையாடுவது.

அரிதாக, வலிப்பு நோயாளி தூக்கத்தில் திடீரென இறப்பதுண்டு. பெரியவர்களில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவர். கட்டுப்படாத பெரிய வலிப்பு உள்ளவர்களுக்குத்தான் இது அதிகம். மாதம் ஒன்றுதானே என்று பொறுத்துக்கொள்ளாமல் முழுதாக நிறுத்த முயலச் சொல்வது இதற்காக.

இரண்டு வருடமாவது வலிப்பே இல்லை என்றால் மாத்திரையைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். பல மாதங்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். எல்லா வகைக்கும் இது சரிவராது. காலையில் டம்ளர் பறக்கும் வகைக்கு நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப வரும்.

திருமணம்

இந்து திருமணச் சட்டம் ஒரு காலத்தில் வலிப்பை மனநோயோடு ஒரே வரியில் சேர்த்து, திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்தது. 1999-ல் திருத்தம் செய்து வலிப்பு என்ற சொல்லையே நீக்கிவிட்டார்கள். சட்டம் மாறி இத்தனை வருடம் ஆகியும் பெண் பார்க்கும் இடத்தில் மறைப்பது தொடர்கிறது. மறைத்தால் என்ன நடக்கிறது என்பது மருந்தின் அரைவாழ்வை வைத்தே சொல்லிவிடலாம். கல்யாண வாரத்தில் தூக்கம் இல்லை. புகுந்த வீட்டில் எல்லோர் கண்முன்னும் மாத்திரை டப்பாவை எடுக்க முடியவில்லை. இரண்டு வேளை போகிறது. மூன்றாம் நாள் காலை, நான்கு வருடமாக வராத வலிப்பு வருகிறது.

பேச்சு உறுதியாகும் முன்பே, இரு குடும்பத்துப் பெரியவர்களையும் உட்காரவைத்து நான்கு தகவல்களைச் சொன்னால் போதும்: எந்த வகை வலிப்பு, கடைசியாக வந்த தேதி, இப்போது சாப்பிடும் மாத்திரையும் அளவும், பார்க்கும் டாக்டர் யார். சந்தேகம் இருந்தால் அடுத்த பரிசோதனைக்கு மாப்பிள்ளையோ பெண்ணோ கூடவே வரட்டும். கல்யாண வாரத்தின் காலை எட்டு, இரவு எட்டு வேளைகளை நினைவூட்ட அந்த வீட்டிலும் ஒருவர் இருப்பார்.